டிமரும் டெமரேஜும்

தயக்கத்துக்கு ஆங்கிலத்தில் என்னவென்று கேட்டால் நாமெல்லாம் ‘ஹெசிடேட்’ என்று சொல்லி முடித்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் அவ்வளவுதான் வந்தது. ஆனால் அந்த மொழியில் தயங்குவதற்கு ஏகப்பட்ட சொற்கள் கிடக்கின்றன. எதையும் முடிவு பண்ணாமல் தத்தளித்தால் ‘டிதர்’. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினால் ‘வேவர்’. மனசாட்சி உறுத்தித் தயங்கினால் ‘ஸ்க்ரூப்பிள்’. லத்தீனில் அதற்குக் கூரான சிறு கல் என்று பொருள். இவற்றோடு ஒட்டாமல், கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு தனியே நிற்கிற ஒன்று உண்டு. அது ‘டிமர்’.

பேச்சில் அதிகம் வராது, காகிதத்தில்தான் வரும். அதனால்தான் என் கண்ணில் படுகிறது. மன்னார்குடியில் ஆங்கிலக் காகிதங்களைத் தமிழில் எழுதித் தருவது என் பிழைப்பு. மொழிபெயர்ப்பாளர் என்றெல்லாம் போர்டு கிடையாது. வக்கீல் குமாஸ்தாக்கள் அனுப்புவார்கள், பேங்க்கில் கடன் கேட்டுப் போனவர்கள் வருவார்கள், வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்து கவரோடு யாராவது வருவார்கள்.

அப்படி வந்தவர் வலங்கைமான் பக்கத்துத் தம்பி ஒருவர், சின்ன கான்ட்ராக்டர். வாய்க்கால் தூர்வாரும் வேலை ஒன்றுக்காக பேங்க் கேரண்டி, அதாவது இவர் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் பேங்க் பணம் தரும் என்கிற உறுதிப் பத்திரம், கொடுக்க வேண்டியிருந்தது. மாதிரிப் படிவத்தை நீட்டினார். அதில் வழக்கமான வாசகம்: பேங்க் ‘எவ்வித டிமரும் இன்றி, கேட்ட மாத்திரத்தில்’ பணத்தைக் கொடுத்துவிடும்.

“அக்கா, இதென்ன டிமரு? லாரி லைட்டுல டிம் அடிப்போமே, அதுவா?”

நான் சிரித்துவிட்டு ‘மறுபேச்சு’ என்றேன். அகராதியில் ‘தயக்கம்’ என்றும் ‘ஆட்சேபணை’ என்றும் இரண்டும் இருக்கும். தயக்கம் என்று எழுதினால், பேங்க் மேனேஜர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எச்சில் விழுங்குவது மாதிரி ஒரு சித்திரம் வருகிறது. ஆட்சேபணை என்றால் ஏதோ மனு போடுகிற மாதிரி கனமாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மறுபேச்சு சரியாக உட்கார்ந்தது.

அந்தத் தம்பிக்குச் சொல்லோடு திருப்தி இல்லை, அதன் விளைவு வேண்டும். சொன்னேன். உங்களுக்கு வேலை கொடுத்த அலுவலகம், ‘இவர் ஒப்பந்தப்படி செய்யவில்லை, பணத்தைக் கொடு’ என்று பேங்க்குக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். பேங்க் உங்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியதில்லை. வாய்க்காலில் நிஜமாகவே மண் எடுத்தீர்களா, பாதியில் தண்ணீர் திறந்துவிட்டதால் வேலை நின்றதா என்பதெல்லாம் பேங்க்குக்குச் சம்பந்தமில்லாத சங்கதி. அப்பட்டமான மோசடி, அல்லது பிறகு எந்த வகையிலும் சரிசெய்ய முடியாத அநியாயம் என்று காட்டினால் ஒழிய கோர்ட்டும் பொதுவாகத் தடை கொடுக்காது.

“அப்ப நம்ம பக்கம் நியாயம் இருந்தாலும்?”

“பணம் போயிரும். அப்புறம் கேஸ் போட்டு வாங்கிக்கணும்.”

“இவ்வளவும் அந்த ஒத்தச் சொல்லுலயா இருக்கு?”

பக்கத்தில் இருக்கும் சொற்களும் சேர்ந்துதான் அப்படிச் செய்கின்றன. ஆனாலும் அவர் கேட்டதில் தப்பில்லை. பேங்க்கின் தயங்கும் உரிமையை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். தயக்கத்துக்கு அத்தனை மதிப்பு இருப்பதால்தான் அதை விலக்குவதற்கு ஒரு வரி செலவழிக்கிறார்கள்.

அவர் போன பிறகும் இந்தச் சொல் என்னை விடவில்லை. தயங்குவதும் டிமர் செய்வதும் ஒன்றா? ஒன்றில்லை என்றுதான் தோன்றுகிறது. அதைச் சொல்ல ஜூன் மாதத்தை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. குறுவைக்காக ஜூன் 12ஆம் தேதி திறப்பது மரபு. மரபு என்றுதான் சொல்ல முடியும். 2016இல் செப்டம்பர் 20 ஆனது. 2017இல் அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று. 2020இல் பல வருடம் கழித்து ஜூன் 12க்கே திறந்தார்கள். 2022இல் மே 24க்கே தண்ணீர் வந்து, தூர்வாரும் வேலையைப் பாதியில் பிடித்துக்கொண்டது. 2024இல் ஜூலை 28. இப்படி இருந்தால் மே மாதக் கடைசியில் ஒரு விவசாயி என்ன செய்வார்? நாற்று விடலாமா வேண்டாமா? பம்புசெட் இருக்கிறவர் ஆடுதுறை 36, கோ 51 என்று ஏதாவது ஒரு நெல் ரகம் வாங்கி, துணிந்து நாற்றங்கால் போட்டுவிடுவார். ஆற்றுத் தண்ணீரை நம்பி இருக்கிறவர் நிற்பார். குறுவையை விட்டுவிட்டு, நேரே சம்பாவுக்குப் போய் சிஆர் 1009 போடலாமா என்று யோசிப்பார். அதுவும் நூற்றைம்பது நாளுக்கு மேல் நிற்கிற பயிர், ஆகஸ்டு தாண்டினால் கஷ்டம். தலைஞாயிறு, வேதாரண்யம், சேதுபாவாசத்திரம் பக்கம் கடைமடையில் இருக்கிறவருக்கு இன்னொரு கணக்கு: அணை திறந்தாலும் நம் வாய்க்காலுக்கு எப்போது வரும்? பெரும்பாலும் புழுதியிலேயே விதையைத் தெளித்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்.

இதுதான் தயக்கம். அந்த விவசாயிக்குப் பதில் தெரியாது. தெரிந்தால் அரை நிமிஷம் நிற்க மாட்டார்.

டிமர் செய்கிறவருக்குப் பதில் தெரியும். இப்போதே சொல்ல வேண்டாம், அல்லது இவ்வளவு நேராகச் சொல்ல வேண்டாம் என்று நிற்கிறார், அவ்வளவுதான். விதைக் கடையில் அதே விவசாயியிடம், “அய்யா, இந்த வருசம் புது ரகம் வந்திருக்கு, ரெண்டு மூட்டை போட்டுப் பாருங்க” என்று கடைக்காரர் சொன்னால், அவர் சொல்கிற பதிலை யோசித்துப் பாருங்கள்.

“போடலாம்தான்…”

கடைக்காரருக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும், விற்காது என்று. ‘போடலாம்’ என்றிருந்தால் வியாபாரம் முடிந்தது. ‘தான்’ வந்து ஒட்டிக்கொண்டதும் கதை மாறிவிட்டது. ஆங்கிலேயர்கள் தனிச் சொல்லாக வைத்திருப்பதை நாம் ஒரு விகுதி மாதிரி சொல்லின் வாலில் கட்டி விட்டிருக்கிறோம். “வரலாம்தான்…”, “கொடுக்கலாம்தான்…”, “பொண்ணு நல்லாத்தான் இருக்கு…” கடைசியாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு எந்தத் தரகரும் அந்த வீட்டில் இரண்டாவது முறை காபி குடிக்க மாட்டார்.

வாலில் ‘தான்’ என்றால் தலையில் ‘அதுக்கில்ல’. “அதுக்கில்லீங்க மாமா, அவன் இந்த வருசம்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கான்…” எதுக்கில்லை? மாமா எதையும் சொல்லவே இல்லை. அவர் மனதில் ஓடியிருக்கக்கூடிய வருத்தத்துக்கு முன்கூட்டியே ஒரு மறுப்பு போட்டு, அதன் பின்னால் தன் மறுப்பைக் கொண்டுவருகிறார்கள். எந்த மொழியில் இவ்வளவு நுணுக்கமாகச் செய்வார்கள் என்று தெரியவில்லை. ‘அதுக்கில்லீங்க’ என்று ஒருவர் ஆரம்பித்தால் நான் பேனாவை மூடி வைத்துவிடுவேன், காரியம் நடக்காது.

பெண் பார்த்துவிட்டு எழுந்திருக்கும்போது சொல்கிற “ஊருக்குப் போயி தகவல் சொல்றோம்” இந்த வகையில் மகுடம். சம்மதம் இருந்தால் அங்கேயே தட்டு மாற்றப் பேசியிருப்பார்கள். இல்லாததால்தான் ஊர் தேவைப்படுகிறது. ஒரு காலத்தில் தகவல் கடிதமாக வந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் ‘ஜாதகம் சரியா வரல’ என்று வருகிறது. ஜாதகத்தைப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள் என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்கக் கூடாது. மறுப்பைக் கௌரவமாக இறக்கி வைப்பதற்கு இடம் கொடுப்பதும் ஒரு மரியாதை.

இதையெல்லாம் சிலர் வளவளப்பு என்பார்கள். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிற பிள்ளைகள், ‘வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே’ என்று கேட்கிறார்கள். பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறவர்கள் அப்படிச் சொல்லலாம். ஒரே தெருவில், ஒரே வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு, ஒரே கோயில் திருவிழாவுக்கு வரி கட்டிக்கொண்டு முப்பது வருடம் இருக்கப் போகிறவர்கள் எதிராளியின் முகத்தைப் பார்த்துத்தான் மறுக்க முடியும். எனக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை.

மறுப்பே இல்லாத டிமரும் உண்டு, வெறும் சடங்குக்கு. எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் “காபி சாப்பிடுறீங்களா?” என்பார்கள். “இப்பத்தாங்க குடிச்சிட்டு வர்றேன்” என்பதுதான் சரியான பதில். குடித்தோமா இல்லையா என்பது வேறு விஷயம். “அட, அரை டம்ளர்” என்று வரும். “எதுக்குங்க சிரமம்” என்று போகும். அதற்குள் உள்ளே டிகாக்‌ஷன் இறங்கிவிட்டிருக்கும். இலையில் உட்கார்ந்தாலும் இதே கதைதான். சாம்பார் வாளி பக்கத்தில் வந்ததும் “போதுங்க, போதுங்க” என்று இரண்டு கையையும் இலைமேல் விரிக்க வேண்டும். விரல் இடுக்கில் பரிமாறத் தெரிந்தவர்தான் நல்ல பந்திக்காரர். ஆங்கிலத்தில் ஒருவர் ‘டிமர் இன்றி’ ஏற்றுக்கொண்டார் என்றால் அது பெரும்பாலும் பாராட்டாக வரும். நம்மிடம் கேட்ட உடனே காபியை வாங்கிக் குடித்தால், அவர் தெருமுனை தாண்டுவதற்குள் ஒரு விமர்சனம் கிளம்பிவிடும்.

கோர்ட்டில் இந்தச் சொல்லுக்கு ஒரு தடித்த அண்ணன் இருக்கிறார், ‘டிமரர்’. எதிராளி சொல்கிற சங்கதி பொய் என்று நிரூபிக்கப் போக மாட்டார். ‘நீ சொல்வதெல்லாம் நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் சட்டப்படி உனக்கு என்ன கிடைக்கும்?’ என்று கேட்பார். பஞ்சாயத்தில் பெரியவர்கள் “சரிடா, நீ சொல்றதெல்லாம் நெசம்னே வச்சுக்குவோம்” என்று இழுத்துவிட்டு, “அதுக்கு அவன் என்ன பண்ணுவான்?” என்று முடிப்பார்களே, அதேதான். இங்கிலாந்தில் சிவில் வழக்குகளில் இந்த முறையை 1883 விதிகளில் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் இன்னும் அதே பெயரில் நடக்கிறது. நம் 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தில், வழக்குக்கு மூலமே இல்லை என்றால் பிராதை, அதாவது வழக்குப் போட்டவரின் மனுவை, தள்ளுபடி செய்யச் சொல்கிற ஆணை 7, விதி 11 கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் செய்கிறது. அந்த மனுவைப் பார்க்கும்போது நீதிபதி, பிராதில் சொன்னதெல்லாம் உண்மை என்றே எடுத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். கட்சிக்காரர்கள் இதைக் கேட்டால், ‘உண்மைன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்களே, அப்புறம் எப்படிங்க தள்ளுபடி ஆச்சு’ என்று நிற்பார்கள். அவர்களுக்குப் புரிய வைக்க ‘வச்சுக்குவோம்’ என்ற ஒரு சொல் போதும்.

இனி வேரைப் பார்க்கலாம். லத்தீனில் ‘மோரா’ என்றால் தாமதம். அதிலிருந்து ‘தெமொராரி’, தங்கி நிற்பது. அது பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது, டிமர் என்றால் தங்குவது, சுணங்குவது, அவ்வளவே. பிறகுதான் தங்கி யோசிப்பது ஆனது, யோசித்துச் சந்தேகப்படுவது ஆனது, சந்தேகப்பட்டு மெல்ல மறுப்பது ஆனது. அந்த ஆரம்பப் பொருள் இன்று செத்துப்போய் கடைசிப் பொருள் மட்டும் நடமாடுகிறது. மனிதர்களும் இந்த வரிசையில்தான் போகிறார்கள் என்பதை யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது: வாசலில் நிற்பார், தூணைப் பிடிப்பார், தலையைச் சொறிவார், அப்புறம் “அதுக்கில்லீங்க”.

அந்தச் செத்துப்போன பொருள் நமக்குப் பக்கத்திலேயே உயிரோடு இருந்தது. காரைக்கால் 1739இல் தஞ்சை அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1954 நவம்பர் வரை அவர்கள் ஆட்சி. பழைய பிரெஞ்சுப் பத்திரங்களில் ஒருவர் பெயருக்குப் பின்னால் ‘தெமரான் ஆ காரிக்கால்’ என்று வரும். காரைக்காலில் குடியிருக்கும் இன்னார் என்று பொருள். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்த ஊரில் பிரெஞ்சு படித்த தோழி ஒருத்தி வாசித்துச் சொன்னபோது, இது நம் டிமர் ஆயிற்றே என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில், ஒரே சொல் அங்கே வீட்டு விலாசமாகவும் இங்கே பேங்க்கின் வாய்ப்பூட்டாகவும் இருக்கிறது.

‘மோரா’வின் இன்னொரு பேத்தியை 2020இல் எல்லா வீட்டுக்கும் தெரிந்தது. கொரோனா ஊரடங்கில் ரிசர்வ் பேங்க் முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்டு 31 வரை கடன் தவணைகளை ஒத்திப்போட அனுமதித்தது. மகளிர் குழுக்களில் அதுவரை ‘டியூ’, ‘பாஸ்புக்’ தவிர வேறு ஆங்கிலம் பேசாதவர்கள்கூட ‘மாரட்டோரியம்’ என்று பிசகாமல் சொன்னார்கள். தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2021 மார்ச்சில் சொன்னது. தங்கி நின்றால் யாராவது ஒருவர் அதற்குக் கூலி கொடுத்தாக வேண்டும் என்பது அந்தக் குடும்பத்துச் சொற்களுக்கெல்லாம் பொதுவான குணம் போலிருக்கிறது.

தமிழில் ‘தயங்கு’ வேறு வழியில் வந்திருக்கிறது. பழந்தமிழில் அது அசைதலுக்கும் ஒளிர்தலுக்கும் உரிய சொல். ஐரோப்பியன் தயங்கும்போது நின்றுவிடுகிறான், நம்மவர் தயங்கும்போது ஆடிக்கொண்டிருக்கிறார். இதை வைத்துப் பெரிய தத்துவம் எதுவும் கட்ட வேண்டாம், பார்க்க அழகாக இருக்கிறது என்பதால் சொன்னேன்.

கூலி என்று வந்ததால் டெமரேஜுக்கு வருவோம். தஞ்சாவூர், கும்பகோணம், நீடாமங்கலம், திருவாரூர் என்று எந்த கூட்ஸ் ஷெட்டில் கேட்டாலும் இந்தச் சொல் தெரியும். டிமர் தெரியாத லோடுமேனுக்கு டெமரேஜ் தெரியும். டெல்டாவில் கொள்முதல் செய்த நெல் அரவைக்காக வெளி மாவட்டங்களுக்கு ரயிலில் போகிறது. நாற்பத்திரண்டு வேகன் கொண்ட ஒரு ரேக்கில் ஏறக்குறைய 2000 டன் ஏறும். வேகனை ஏற்றுவதற்கு வைத்த நேரத்திலிருந்து இத்தனை மணிக்குள் ஏற்றி முடிக்க வேண்டும் என்று ரயில்வே ஒரு கெடு கொடுக்கும். தாண்டினால் வேகனுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று டெமரேஜ். பத்து நிமிஷம் தாண்டினாலும் ஒரு மணிக் கணக்கு. வேகன் நகர்ந்துவிட்டது, ஆனால் சரக்கு ஷெட்டில் கிடக்கிறது என்றால் அதற்கு வேறு பெயரில் ‘வார்ஃபேஜ்’. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் ஷெட்டுக்குப் புதிது என்று அர்த்தம்.

அதனால்தான் ரேக் வந்த அன்று ஷெட்டைச் சுற்றி ஊரே அப்படிப் பறக்கும். லாரி வரிசை, கொக்கியோடு ஓடுகிறவர்கள், வாயில் பென்சிலோடு மூட்டைக் கணக்குப் போடுகிறவர், “சீக்கிரம் சீக்கிரம், டெமரேஜ் ஆயிரும்” என்று கத்துகிற ஒரு மேஸ்திரி. நீடாமங்கலத்தில் இன்ஜின் முன்னும் பின்னும் போய்வரும்போது கேட்டை அடைத்துவிடுவார்கள். நாகப்பட்டினம் ரோட்டில் பஸ்கள் வாலைக் கட்டிக்கொண்டு நிற்கும். பஸ்ஸுக்குள் இருக்கிறவர்களின் நேரத்துக்கு டெமரேஜ் கிடையாது.

நெல்லுக்கும் கிடையாது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் இதுதான். வேகனில் ஏறுவதற்கு முன்னால் அந்த நெல் எங்கே இருந்தது? கொள்முதல் நிலையத்து வாசலில் குவியலாக. குறுவை அறுவடையும் வடகிழக்கு மழையும் ஒன்றாக வந்து மோதுகிற வருடங்களில் பார்த்தால் தெரியும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டரில் அதற்கு மேல் காட்டினால் காயவைக்க வேண்டும். வெயில் அடித்தால் ரோட்டோரம் பரப்பி, காலால் கிளறி, சாயங்காலம் கூட்டி அள்ளி, படுதா போட்டு மூடி, கட்டில் போட்டுக் காவலுக்குப் படுக்க வேண்டும். மறுநாள் காலை ஈரம் சரியாக வந்தால், சாக்கு வரவில்லை. சாக்கு வந்தால், பிடித்து வைத்த மூட்டைகளே நிலையத்தில் தேங்கிக் கிடக்கின்றன, ‘இயக்கம்’ இல்லை. இயக்கம் என்றால் லாரி வந்து ஏற்றிப்போவது. அதற்குள் இன்னொரு மழை. மறுபடியும் பரப்ப ஆள் கூலி. நாற்பது கிலோ சிப்பமாகப் பிடித்துத் தைக்கும் வரைக்கும் அந்த நெல்லின் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விவசாயி கைக்காசு போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு ரசீது கிடையாது, பெயரும் கிடையாது.

வேகன் ஒரு மணி நேரம் நின்றால் அதற்கு விலை போட ஒரு அட்டவணை இருக்கிறது. அதே நெல் ஒரு வாரம் நின்றதற்கு விலை போட யாரிடமும் அட்டவணை இல்லை. வேகனுக்குச் சொந்தக்காரர் பெரியவர் என்பதைத் தவிர இதில் வேறு நியாயம் எனக்குத் தென்படவில்லை. தாமதத்துக்குக் கூலி உண்டு என்கிற கொள்கையை நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டோம், அச்சடித்தும் வைத்திருக்கிறோம். யாருடைய தாமதம் என்பதில்தான் தயங்குகிறோம். இல்லை, டிமர் செய்கிறோம்.

சொல்லின் பயன்பாட்டைப் பற்றி இரண்டு குறிப்பு, என் மாதிரி காகிதம் பார்க்கிறவர்களுக்காக. டிமர் செயப்படுபொருள் ஏற்காத வினை. ‘விலையை டிமர் செய்தார்’ என்று எழுதக் கூடாது. ஆங்கிலத்தில் ‘அட்’ அல்லது ‘டு’ போட்டுத்தான் வரும். கூச்சல் போட்டுச் சண்டைக்குப் போனவரை டிமர் செய்தார் என்று சொல்லக் கூடாது, அது மெல்லிய மறுப்புக்கு மட்டும்தான். ஆங்கிலப் பேப்பரில், நிருபர் கேட்டதற்கு அமைச்சர் ‘டிமர்ட்’ என்று வந்தால், பதில் சொல்லாமல் நழுவினார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, கடைசியில் ஒரு ‘இ’ சேர்ந்தால் ‘டிம்யூர்’. அது வேறு ஆள்: அடக்க ஒடுக்கம். 2024இல் இணையத்தில் அந்தச் சொல் கன்னாபின்னாவென்று ஓடியது, டிக்‌ஷனரி டாட் காம் அதையே ஆண்டின் சொல்லாக அறிவித்தது. கும்பகோணத்தில் காலேஜ் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண் பட்டுப்புடவைப் போட்டோவுக்குக் கீழே அதைப் போட நினைத்து, கடைசி எழுத்தை விட்டுவிட்டாள். ‘ரொம்ப ஆட்சேபணை’ என்று அர்த்தம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தால் அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

கப்பல் விவகாரத்தைச் சொல்லாமல் விட்டால் டெமரேஜ் முழுமையாகாது, ஏனென்றால் ரயில்வே இதைக் கடன் வாங்கியதே அங்கிருந்துதான். கப்பலை வாடகைக்கு எடுக்கிறவருக்குச் சரக்கை ஏற்றி இறக்க இவ்வளவு நேரம் என்று ஒப்பந்தம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை, மழை நாள் இவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றும் அதில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் கெடு ஒருமுறை தாண்டிவிட்டால் பொதுவாக அந்தச் சலுகையெல்லாம் போய்விடும். அதன் பிறகு பெய்கிற மழையும் உங்கள் கணக்கில்தான். மழைக்கும் நெல்லுக்கும் இடையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்த விதியை விளக்க வேண்டியதில்லை.

அதில் ஒரு நல்ல பகுதியும் உண்டு. கெடுவுக்கு முன்பே வேலையை முடித்துக் கப்பலை விடுவித்தால், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், கப்பல்காரர் பணம் திருப்பித் தர வேண்டும். அதற்கு ‘டெஸ்பாட்ச்’ என்று பெயர், வழக்கமாக டெமரேஜ் விகிதத்தில் பாதி. நெல் ஏற்றிக் களைத்துப்போய் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு லோடுமேன் அண்ணனிடம் இதைச் சொன்னேன். நம்பவில்லை. திரும்பவும் சொல்லச் சொன்னார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “சீக்கிரம் முடிச்சா காசு தருவாங்களாமா? ரேக்க முடிச்சதும் எங்களுக்கு அடுத்த ரேக்கத்தானே காமிக்கிறாங்க” என்றார்.